ஏழு வண்ணத்தில் ஒரு நகர்ப் பேருந்து: திருவனந்தபுரத்தின் போக்குவரத்துத் திட்டம்

திருவனந்தபுரத்தின் போக்குவரத்து ஒரே ஒரு நீண்ட சாலையை நம்பி நடக்கிறது. கிழக்கேகோட்டையில் புறப்படும் எம்.ஜி. சாலை தலைமைச் செயலகத்தைக் கடந்து பாளையத்தை அடைகிறது. அங்கிருந்து பட்டம், கேசவதாசபுரம், உள்ளூர், ஸ்ரீகாரியம் வழியாகக் கழக்கூட்டம் வரை அதன் தொடர்ச்சி நீள்கிறது. அரசு அலுவலகங்கள், பல்கலைக்கழகம், பொது மருத்துவமனை எல்லாம் இந்தத் தடத்தின் மேலேயோ கூப்பிடு தூரத்திலேயோ இருக்கின்றன. 1990இல் டெக்னோபார்க் என்ற தகவல் தொழில்நுட்பப் பூங்கா தொடங்கப்பட்ட பிறகு வடகோடியான கழக்கூட்டமும் பெரிய வேலையிடமாகிவிட்டது. அதனால் காலையிலும் மாலையிலும் நெரிசல் இரு திசையிலும் இருக்கிறது.

நிலம் குன்றும் சரிவுமானது. இணையாக இன்னொரு நேர்ச்சாலை போடுவது எளிதல்ல. இருபுறமும் கடைகளும் வீடுகளும் நெருங்கி நிற்பதால் அகலப்படுத்துவதற்கும் செலவு அதிகம். 2022இல் கழக்கூட்டத்தில் சுமார் 2.7 கி.மீ. நீள உயர்மட்டச் சாலை திறக்கப்பட்டது. அது பைபாஸில் செல்லும் வண்டிகளுக்குப் பெரிய நிம்மதி. ஸ்ரீகாரியம், உள்ளூர் வழியாக நகருக்குள் வருகிறவர்களுக்கு அதனால் பயன் குறைவு. மூன்றரைக் கோடிப் பேர் வாழும் கேரளத்தில் பதிவான வண்டிகள் 1.5 கோடியைத் தாண்டிவிட்டன. வண்டிகள் பெருகும் வேகத்துக்குச் சாலை ஈடுகொடுக்காது. வண்டிகளை நகர்த்துவதைவிட மனிதர்களை நகர்த்துவதே திட்டத்தின் நோக்கமாக இருக்க வேண்டும் என்று 2006இன் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை சொல்வது இதனால்தான்.

மன்னர் ஏறிய பேருந்து

பொதுப் போக்குவரத்து இந்த ஊருக்குப் புதிதல்ல. 1938 பிப்ரவரி 20 அன்று மன்னர் ஸ்ரீ சித்திரைத் திருநாள் திருவிதாங்கூர் அரசுப் போக்குவரத்துத் துறையைத் தொடங்கிவைத்தார். லண்டன் போக்குவரத்து வாரியத்திலிருந்து அழைத்து வரப்பட்ட இ.ஜி. சால்ட்டர் அதன் மேற்பார்வையாளர். முதல் பேருந்தில் மன்னரும் குடும்பத்தினரும் ஏறிக்கொள்ள, சால்ட்டரே வண்டியை ஓட்டினார். மறுநாள் தொடங்கிய வழித்தடம் திருவனந்தபுரம்–கன்னியாகுமரி. நாகர்கோவில் பக்கம் அப்போது திருவிதாங்கூரில் இருந்தது. அந்தத் துறையின் வழிவந்ததே 1965இல் உருவான கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் (கே.எஸ்.ஆர்.டி.சி.). கொச்சியில் நகர்ப் பேருந்து பெரும்பாலும் தனியார் கையில் இருக்க, தலைநகரில் இன்றும் அரசுப் பேருந்தே மேலோங்கியிருக்கிறது. வழித்தடத்தையும் கட்டணத்தையும் மாற்ற ஒரே நிறுவனத்தை இசைய வைத்தால் போதும் என்பது திட்டமிடுவோருக்குக் கிடைத்த வசதி.

ஏழு வட்டங்கள்

அந்த வசதியைப் பயன்படுத்திக்கொண்டது 2021 நவம்பரில் வந்த ‘சிட்டி சர்க்குலர்’. அதுவரை பெரும்பாலான பேருந்துகள் புறநகரிலிருந்து கிழக்கேகோட்டைக்கு வந்து திரும்பிச் சென்றன. ஒரு அலுவலகத்திலிருந்து இன்னொரு அலுவலகத்துக்கோ, ரயில் நிலையத்திலிருந்து மருத்துவமனைக்கோ போக வேண்டியவர்களுக்கு ஆட்டோவோ சொந்த வண்டியோதான் கதி. புதிய சேவை நகருக்குள் ஏழு வட்டப் பாதைகளை வகுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் தந்தது. சிவப்பு வட்டத்தில் கடிகாரச் சுற்றில் ஓடும் பேருந்துக்கு 1சி, எதிர்ச்சுற்றில் ஓடுவதற்கு 1ஏ என்று எண். ஊர்ப் பெயரைப் படிக்கத் தெரியாதவரும் நிறத்தையும் எண்ணையும் பார்த்து ஏறிக்கொள்ளலாம்.

தொடக்கத்தில் பேருந்துகள் காலியாகவே சுற்றின. எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் 10 ரூபாய் என்றும், 24 மணி நேரத்துக்கு 50 ரூபாய் டிக்கெட் என்றும் அறிவித்த பிறகு கூட்டம் சேர்ந்தது. 2022 ஆகஸ்டில் மின்பேருந்துகள் இந்தப் பாதைகளுக்கு வந்தன. அடுத்து ஸ்மார்ட் சிட்டி திட்டத்தின் பணத்தில் 113 மின்பேருந்துகள் வாங்கப்பட்டன.

கட்டணம் மலிவானதும் கணக்கு கேள்விக்குள்ளானது. புதிதாகப் பொறுப்பேற்ற போக்குவரத்து அமைச்சர் கே.பி. கணேஷ் குமார், மின்பேருந்துகளால் லாபமில்லை என்றும் இனி வாங்கப்போவதில்லை என்றும் 2024 ஜனவரியில் சொன்னார். முன்னாள் மேயரும் வட்டியூர்க்காவு சட்டமன்ற உறுப்பினருமான வி.கே. பிரசாந்த், மக்கள் ஏற்றுக்கொண்ட சேவையைக் கைவிடக் கூடாது என்று எதிர்த்தார். இருவரும் எழுப்பியது அடிப்படையான கேள்வி. டிக்கெட் வருமானத்தை மட்டும் பார்த்தால் நகர்ப் பேருந்து நட்டம்தான். அது சாலையிலிருந்து குறைக்கும் கார்களையும் ஸ்கூட்டர்களையும், மிச்சமாகும் எரிபொருளையும் நேரத்தையும் சேர்த்தால் கணக்கு மாறும். ஆனால் அந்த மிச்சம் பேருந்துக் கழகத்தின் கணக்குப் புத்தகத்தில் வரவாக ஏறுவதில்லை. அதை அரசோ மாநகராட்சியோ ஈடுகட்டாவிட்டால் மலிவுக் கட்டணம் நீடிக்காது.

காத்திருக்கும் மெட்ரோ

ரயில் திட்டத்தின் கதை நீண்டது. 2012 வாக்கில் பேசப்பட்ட மோனோரயில் 2014இல் கைவிடப்பட்டது. அதன் இடத்தில் இ. ஸ்ரீதரன் வழிகாட்டிய டெல்லி மெட்ரோ நிறுவனம் இலகு மெட்ரோவை முன்வைத்தது. அனுமதி இழுபட, 2018இல் அந்த நிறுவனமும் விலகிக்கொண்டது. பொறுப்பு பின்னர் கொச்சி மெட்ரோ நிறுவனத்துக்கு வந்தது. 2025 நவம்பரில் முதல்கட்டத்துக்கான பாதையை மாநில அரசு ஏற்றது. பாப்பனங்கோட்டில் தொடங்கி, பாளையம், ஸ்ரீகாரியம், கழக்கூட்டம், டெக்னோபார்க், கொச்சுவேளி, விமான நிலையம் வழியாக ஈஞ்சக்கல்லில் முடியும் சுமார் 31 கி.மீ. பாதை அது.

மெட்ரோ வந்தாலும் வீட்டு வாசலுக்கு வராது. கேரளத்தில் ஊருக்கும் ஊருக்கும் இடைவெளி கிடையாது. வீடுகள் தோட்டங்களோடு பரந்து கிடக்கின்றன. ஒரு நிலையத்தைச் சுற்றி நடந்தே வரக்கூடியவர்கள் குறைவு. 2017இன் மெட்ரோ ரயில் கொள்கை இணைப்புப் பேருந்தையும் நடைபாதையையும் கட்டாயத் தேவையாக வைப்பது இத்தகைய நகரங்களுக்கு மிகவும் பொருந்தும். ஏழு வட்டங்கள் அந்த இணைப்பின் முதல் பகுதி.

நடப்பவருக்கு இடம்

பேருந்தில் ஏறுகிறவர் அனைவரும் முதலில் நடக்கிறார்கள். நடப்பவருக்கு இடம் தந்தால் தெரு உயிர்பெறும் என்பதற்கு வெள்ளையம்பலம் அருகே உள்ள மானவீயம் வீதி நல்ல சான்று. ஓவியங்களும் பாட்டும் கூட்டமுமாக மாலையில் மக்கள் புழங்கும் அந்தச் சிறு தெரு, ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் நடப்பவர்களை முன்வைத்துப் புதுப்பிக்கப்பட்டது. சென்னையில் 2019இல் பாண்டி பஜார் நடைபாதை வளாகம் காட்டியதும் இதையே: வண்டிக்கான இடத்தைக் குறைத்தாலும் தெருவில் ஆள் குறைவதில்லை.

கார்களை விலக்கி வைத்தும் இந்த நகரம் ஆண்டுக்கு ஒரு நாள் இயங்குகிறது. ஆற்றுக்கால் பொங்கலன்று கோயிலைச் சுற்றிப் பல கி.மீ. தூரம் சாலை நெடுகப் பெண்கள் அடுப்பு மூட்டுகிறார்கள். 2009இல் 25 லட்சம் பேர் கூடியது கின்னஸ் பதிவானது. அவ்வளவு பேரையும் பெரும்பாலும் சிறப்புப் பேருந்துகளும் ரயில்களுமே கொண்டுவந்து சேர்க்கின்றன. அந்த ஒரு நாளுக்குப் போக்குவரத்துக் கழகம், ரயில்வே, காவல்துறை, மாநகராட்சி எல்லாம் ஒரே திட்டத்தில் வேலை செய்கின்றன.

மற்ற நாட்களில் அந்த ஒருங்கிணைப்புக்குச் சட்ட வழியும் உண்டு. 2019இன் கேரள மாநகரப் போக்குவரத்து ஆணையச் சட்டம் பேருந்து, மெட்ரோ, ரயில், நீர்வழி அனைத்தையும் ஒரே அமைப்பின் கீழ் திட்டமிட இடம் தருகிறது. முதல் ஆணையம் 2020இல் கொச்சிக்கு அமைந்தது. தலைநகருக்கும் அதே ஏற்பாடு தேவை. மெட்ரோவுக்குத் தூண் எழும் முன்பே பொது டிக்கெட்டையும், பேருந்து நேர அட்டவணையையும், நிலையங்களை ஒட்டிய நடைபாதையையும், வண்டி நிறுத்தக் கட்டணத்தையும் அது முடிவு செய்துவிட வேண்டும். மெட்ரோ எழுந்த பின் பேருந்தை அதோடு பொருத்தப் பார்ப்பது இரட்டைச் செலவு.