கல்லினுள் தங்கும் நன்னீர்

ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில், தோட்டங்கள் செழிப்பது கிணற்று நீரினாலேயே. அந்நீர் தங்கும் இடம் யாது?

மயோசீன் காலத்தில் கடலடியிற் படிந்த சுண்ணாம்புக்கல்லே குடாநாட்டின் அடித்தளம். மாரி மழைநீர் அக்கல்லைக் கரைத்து, வெடிப்புகளையும் பொந்துகளையும் உண்டாக்கி, அவற்றுள் தங்குகின்றது. அதன் கீழே கடல்நீர் உண்டு. நன்னீர் பாரங் குறைந்தது. ஆதலால் உவர்நீரின்மேல் மிதக்கின்றது. நவக்கிரியிலுள்ள நிலாவரைக் கிணற்றின் மேல்நீர் நன்னீராகவும் ஆழத்து நீர் உவராகவும் இருப்பது இதனாலேயே.

எரிவாயுவும் பாறைத் துளைகளிலேயே தங்குவது. ஆயினும் அது மேலெழுந்து தப்பாதவாறு, வாயுவை எளிதில் ஊடுருவவிடாத வேறொரு பாறை மூடியாக அமைதல் வேண்டும். 2011ஆம் ஆண்டில் மன்னார்க் கடற்படுகையில் எரிவாயு கண்டறியப்பட்டது. நமது நன்னீருக்கோ அத்தகைய மூடி இல்லை. மழை எளிதில் உள்ளிறங்குகின்றது. தோட்டத்து உரமும் மலக்குழிக் கழிவும் அவ்வாறே இறங்குகின்றன.

கடல்மட்டத்திற்கு மேல் நன்னீர் 1 அடி நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி நிற்கும் என்பது அறிஞர் கணக்கு. மேலே 1 அடி குறைந்தால், கீழிருந்து உவர் 40 அடி உயரக்கூடும். ஆகவே, மழை தந்த அளவறிந்து இறைப்பதே கிணற்றைக் காக்கும் வழியாகும்.