எண்ணெய் சொட்டும் இடமும் கசியும் இடமும்

"பழைய டிராக்டர் என்றால் எண்ணெய் சொட்டத்தான் செய்யும். கீழே ஒரு தட்டு வைத்தால் போதும்." இந்தப் பேச்சை நீங்களும் கேட்டிருப்பீர்கள். இது பாதி உண்மை. எழுபது வயதான இயந்திரம் தரையில் ஓரிரு சொட்டு விடுவதால் பெரிய மோசம் ஒன்றும் இல்லை. ஆனால் தரையில் ஒரு சொட்டும் காட்டாமல் உள்ளேயே கசிந்து, உயிருக்கே ஆபத்தாகிற கசிவும் உண்டு. எது எந்த வகை என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

கேரம் டவுன்ஸில் நம் சபைக் குடும்பம் ஒன்றின் கொட்டகையில் பெர்கசன் டி.இ.20 டிராக்டர் ஒன்று நிற்கிறது. அறுப்பின் பண்டிகைக்கு அதை ஓட்டிவர வேண்டும், பின்னால் டிரெய்லர் பூட்டிச் சிறுபிள்ளைகளையும் ஏற்றிவர வேண்டும் என்பது வாலிபர் ஐக்கியத்தின் ஆசை. அதற்காகப் பல சனிக்கிழமைகள் அதன் அடியில் படுத்துக் கிடந்தோம். அங்கே கற்றதை இங்கே எழுதுகிறோம்.

நமக்குத் தெரிந்த குடும்பம்தான்

ஆஸ்திரேலியர்கள் இதைச் செல்லமாக 'கிரே ஃபெர்கி' என்பார்கள். அயர்லாந்துக்காரரான ஹாரி பெர்கசனின் வடிவமைப்பு. 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் 5 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். எட்மண்ட் ஹிலாரி 1958 ஜனவரியில் தென்துருவத்தை அடைந்ததும் இந்த வகை டிராக்டர்களில்தான்.

பிற்பாடு இதே பெயர் 'மாசி பெர்கசன்' ஆனது. வன்னி வயல்களில் உழுத மாசி பெர்கசனை நம் சபையின் ஈழத்துப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1960ல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனத்தின் மாசி பெர்கசன் வண்டிகளைத் தமிழ்நாட்டுக் கிராமங்களில் இன்றும் பார்க்கலாம். ஆகவே இந்த வண்டி நமக்கு அந்நியம் அல்ல.

முதலில் கழுவுங்கள்

கிளிநொச்சியில் டிராக்டர் ஓட்டிய ஐயா ஒருவர் முதல் நாளே எங்களிடம் சொன்னார்: "தம்பி, சொட்டுற இடத்தைப் பாக்காதை. அது எங்கையிருந்து வெளிக்கிடுதெண்டு பார்."

எண்ணெய் பிறந்த இடத்திலேயே விழுவதில்லை. மேலே டேப்பட் மூடியில் கசிவது எஞ்சின் பக்கவாட்டில் வழிந்து, அடியில் உள்ள சம்ப்பின் ஓரத்தில் சொட்டும். சம்ப் கேஸ்கட்டை மாற்றிவிட்டு, மறுபடியும் சொட்டுகிறதே என்று தலையில் கை வைப்பவர்கள் பலர்.

அதனால் ஸ்பானரை எடுக்கும் முன் பல வருட அழுக்கையும் பிசுக்கையும் துடைத்து எடுங்கள். நன்றாகக் காயவிடுங்கள். சந்தேகமான இடங்களில் முகத்துக்குப் போடும் பவுடரை லேசாகத் தூவுங்கள். எஞ்சினைச் சூடாகும்வரை ஓடவிட்டு, நிறுத்தியபின் டார்ச் அடித்துப் பாருங்கள். பவுடர் முதலில் நனையும் இடமே கசிவின் ஊற்று.

எண்ணெயின் நிறமும் பேசும். கறுத்து நீர்த்திருந்தால் பெரும்பாலும் எஞ்சின் எண்ணெய். வெளிறிக் கெட்டியாக இருந்தால் கியர்பாக்ஸ் பக்கத்து எண்ணெய். டி.இ.20ல் கியர்பாக்ஸ், பின் அச்சு, ஹைட்ராலிக் மூன்றுக்கும் ஒரே எண்ணெய்தான்.

அடைக்கக் கூடாத துளை

எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே கிளட்ச் இருக்கும் கூட்டின் அடியில் ஒரு சிறு துளை உண்டு. அதில் ஒரு ஸ்பிளிட் பின் தொங்கும். வண்டி அதிரும்போது பின் ஆடி, துளையில் அழுக்கு அடைக்காமல் காக்கும். அங்கே சொட்டினால் எஞ்சினின் பின்பக்கமோ, கியர்பாக்ஸின் முன்பக்க சீலோ கசிகிறது என்று பொருள்.

சிலர் அந்தத் துளையில் ஒரு போல்ட்டைத் திருகிவிடுவார்கள். தரை சுத்தமாகிவிடும். ஆனால் எண்ணெய் உள்ளே தேங்கி கிளட்ச் தட்டை நனைத்துவிடும். பிறகு கிளட்ச் வழுக்கும்.

இதைச் சரிசெய்ய வண்டியை நடுவில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். இந்த டிராக்டருக்குத் தனிச் சட்டம் கிடையாது. எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ந்ததே அதன் முதுகெலும்பு. பிரித்தால் முன்பாதி ஒரு பக்கம் சாயும். அதற்காக முன் அச்சின் இருபுறமும் மரக்கட்டை ஆப்பு வைத்து, இரு பாதிகளையும் உறுதியான ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் போகக் கூடாது. அனுபவமுள்ள பெரியவர் ஒருவர் உடன் இல்லாமல் இந்த வேலையைத் தொடவே கூடாது.

சொட்டாமல் கெடுக்கும் கசிவு

எங்கள் வண்டியில் எங்களைப் பயமுறுத்தியது தரையில் சொட்டிய எண்ணெய் அல்ல. இடது பின்சக்கரத்தைக் கழற்றி பிரேக் டிரம்மைத் திறந்தபோது உள்ளே எல்லாம் எண்ணெய்ப் பசை. பின் அச்சின் சீல் தேய்ந்து, எண்ணெய் பிரேக் லைனிங்கில் ஊறியிருந்தது. டி.இ.20க்கு முன்சக்கரங்களில் பிரேக் கிடையாது. பின்னால் இரண்டுதான். அதில் ஒன்று இல்லை என்றால், இறக்கத்தில் பிரேக் மிதித்ததும் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். பின்னால் டிரெய்லர் நிறையப் பிள்ளைகள் இருந்தால் என்ன ஆகும்?

எண்ணெய் ஊறிய லைனிங்கைப் பெட்ரோல் விட்டுக் கழுவினாலும் பயனில்லை, சூடேறினால் மறுபடி கசியும். புதிதுதான் போட வேண்டும். சீலையும் புதிதாகப் போட வேண்டும். அந்த எண்ணெய் அளவுக்கு மேல் ஊற்றப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அதிகமாக இருந்தாலும் அச்சு வழியே வெளியேறும்.

இன்னொரு எச்சரிக்கை. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஆஸ்திரேலியாவில் அது முழுவதும் தடை செய்யப்பட்டது 2003 டிசம்பர் 31ல்தான். டிரம்மின் தூசியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதாதீர்கள்.

இதைக் கண்ட அன்றே ஐக்கியத்தில் கூடிப் பேசி முடிவெடுத்தோம்: டிரெய்லரில் காய்கறிக் கூடைகள் மட்டும், அதுவும் பிரேக்கைச் சரிசெய்த பிறகே. பிள்ளைகள் நடந்து வரட்டும். சிலருக்கு வருத்தம்தான். ஆனால் பெற்றோர் நம்மை நம்பி ஒப்படைக்கும் பிள்ளைகளை வைத்துச் சோதனை செய்துபார்க்க நமக்கு உரிமை இல்லை.

சின்னச் சின்னக் கசிவுகள்

மூடிகளில் கசிந்தால் உடனே போல்ட்டை இறுக்காதீர்கள். அதிகம் இறுக்கினால் தகடு வளைந்து இன்னும் கசியும். புது கேஸ்கட் போட்டு, எல்லா போல்ட்டையும் சமமாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

பல இடங்களில் ஒரே நேரத்தில் கசிந்தால் முதலில் எஞ்சினின் பிரீதரைப் பாருங்கள். அது அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, எண்ணெய் கிடைத்த சந்திலெல்லாம் வெளியே வரும். அதைச் சுத்தம் செய்தாலே பாதிக் கசிவு நின்றுவிடலாம்.

புது சீல் போட்டும் நிற்கவில்லையா? ஷாஃப்ட்டை நகத்தால் தடவிப் பாருங்கள். பழைய சீல் அறுத்த பள்ளம் இருந்தால் மெல்லிய உறை ஒன்றை மேலே ஏற்றித்தான் சரிசெய்ய முடியும்.

ஓடும் வண்டியைவிடச் சும்மா நிற்கும் வண்டிக்குத்தான் சீல்கள் சீக்கிரம் காய்ந்து வெடிக்கும். மாதம் ஒருமுறையாவது கொஞ்சத் தூரம் ஓட்டுங்கள்.

வடிந்த எண்ணெய் எங்கே போகிறது?

கேரம் டவுன்ஸைச் சுற்றிய நிலம் ஒருகாலத்தில் கேரம் கேரம் சதுப்பு நிலத்தைச் சேர்ந்தது. அதில் மிஞ்சியிருக்கும் எடித்வேல்-சீஃபோர்டு ஈரநிலங்கள் 2001ல் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டன. தூர தேசங்களிலிருந்து பறவைகள் அங்கே வருகின்றன. கொட்டகை வாசலில் கழுவிவிடும் எண்ணெய் மழைநீர்க் கால்வாய் வழியே ஓடைகளுக்கும் கடலுக்கும் போய்ச் சேரும். ஆகவே வடித்த எண்ணெயை மூடியுள்ள கேனில் பிடித்து, கவுன்சிலின் மறுசுழற்சி நிலையத்தில் கொடுங்கள். தரையில் சிந்தியதை மரத்தூளோ, பூனைக்குப் போடும் மண்ணோ தூவி உறிஞ்சி எடுங்கள்.

வலது பக்க பிரேக்கை இன்னும் திறக்கவில்லை. வரும் சனிக்கிழமை வர விரும்பும் தம்பி தங்கைகள் பழைய உடுப்போடு வாருங்கள். ஸ்பானர் பிடிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, முதல் வேலை கழுவுவதுதான்.