உடையும் உரிமையும்

திருப்பதியில் முடியிறக்கி, நெற்றியில் திருமண்ணுடன் சித்தூர் திரும்புவோரை நாள்தோறும் காண்கிறோம். அவர்களை எந்த அலுவலகமும் தடுப்பதில்லை. ஐரோப்பாவிலோ வழக்கம் நாட்டுக்கு நாடு வேறு. பிரான்சின் 2004-ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பள்ளிகளில் முக்காடு, தலைப்பாகை, பெரிய சிலுவை ஆகியவற்றை விலக்கிற்று. பிரிட்டனோ, தலைப்பாகை அணிந்த சீக்கியர் தலைக்கவசமின்றி மோட்டார் சைக்கிள் ஓட்ட 1976-இலேயே இசைந்தது.

நம் அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவு சீக்கியர் கிர்பான் தரிப்பதை ஏற்கிறது. ஆயினும், கர்நாடக மாணவியரின் முக்காடு வழக்கில் 2022-இல் உச்சநீதிமன்ற நீதிபதிகள் இருவரும் மாறுபட்டுத் தீர்ப்பளித்தனர்.

திருமலைச் சேவைக்கு மரபுடை வேண்டுமெனத் தேவஸ்தானம் கோருவது முறையே, அது வழிபாட்டிடம். பள்ளியோ அனைவர்க்கும் பொது. வந்த ஊரில் நம் திருநீற்றுக்கு வேண்டும் மதிப்பை, அடுத்த வீட்டுப் பெண்ணின் முக்காட்டுக்கும் அளிப்போமாக.