கோட்டையில் பிறந்த லுகார்டும் கம்பாலாவில் வளர்ந்த மம்தானியும்

திருவண்ணாமலையில் 1930களில் ஒரு வழக்கு நடந்தது. மலை அரசுக்குச் சொந்தமா, கோயிலுக்கா? சிவனே மலையாக நிற்கிறான் என்பது ஊர் நம்பிக்கை. ரமண மகரிஷியிடமும் சாட்சியம் வாங்கினார்கள்.

ஓர் ஊரின் வழக்கம் எது, அதைத் தீர்மானிக்கிறவர் யார் என்ற இதே கேள்வியை ஆப்பிரிக்காவில் வைத்து ஆயுள் முழுக்கத் துருவியவர் மஹ்மூத் மம்தானி. நியூயார்க் மேயர் ஸோரானின் அப்பா, இயக்குநர் மீரா நாயரின் கணவர் என்றால்தான் இன்று பலருக்குப் புரிகிறது. இரண்டுமே அவருக்குப் போதாத அறிமுகங்கள்.

1946இல் பம்பாயில் பிறந்து, உகாண்டாவின் கம்பாலாவில் வளர்ந்தார். உதவித்தொகையில் அமெரிக்கா போனவர், கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தில் சேர்ந்து சிறையையும் பார்த்தார். ஊர் திரும்பியிருந்த நேரம், 1972இல், உகாண்டா அதிபர் இடி அமீன் ஆசியர்கள் நாட்டைவிட்டு வெளியேற 90 நாள் கெடு வைத்தார். மம்தானி லண்டன் அகதி முகாமுக்குப் போய்ச் சேர்ந்தார். 1980களில் உகாண்டாவின் ஒபோடே அரசு அவருடைய குடியுரிமையையே பறித்தது.

இரண்டு முறை நாடிழந்தவர், மண்ணின் மைந்தர் யார், வந்தேறி யார் என்று கேட்டதில் வியப்பில்லை. அமீனைத் திட்டுவதோடு அவர் நிற்கவில்லை என்பதுதான் வியப்பு. தொழிலையும் சட்டத்தையும் இனவாரியாகப் பிரித்துவைத்த வெள்ளையர் ஆட்சியில் அதன் வேரைத் தேடினார்.

1996இல் வந்த ‘சிட்டிசன் அண்ட் சப்ஜெக்ட்’ அந்தத் தேடலின் உச்சம். அந்த நூல் காட்டும் காலனி ஆப்பிரிக்காவில் நகரத்து வெள்ளையருக்கு உரிமைச் சட்டம். கிராமத்து ஆப்பிரிக்கருக்கு ‘மரபுச் சட்டம்’. வரி வசூல், தீர்ப்பு, தண்டனை எல்லாம் ஒரே இனக்குழுத் தலைவன் கையில். சுதந்திரம் வந்தபின் நகரத்தில் நிறவெறி போனது. கிராமத்தில் அந்தத் தலைவனின் நாற்காலி பல நாடுகளில் அசையவே இல்லை.

இந்த ஏற்பாட்டுக்கு ஒத்திகை நடந்த இடம் இந்தியா என்கிறார் மம்தானி. 1857 கலகத்தில் அரண்டுபோன ஆங்கிலேயர், இனி மக்களின் மரபைக் காக்கிறோம் என்றார்கள். அதற்குச் சித்தாந்தம் எழுதியவர் ஹென்றி மேய்ன். அவர் வைஸ்ராய் சபையின் சட்ட உறுப்பினராக இருந்தபோதுதான், 1863இல், கோயில் நிர்வாகத்திலிருந்து அரசு ஒதுங்கும் சட்டம் வந்தது. தலையிட மாட்டோம் என்றவர்களே எது மரபு, அதற்கு யார் பொறுப்பு என்றும் வரையறுத்தார்கள். இந்தப் பாணி ஆட்சியை நைஜீரியாவில் ஊன்றிய ஆங்கிலேய ஆட்சியாளர் லுகார்டு பிறந்தது எங்கே தெரியுமா? சென்னை புனித ஜார்ஜ் கோட்டையில், 1858இல்!

மம்தானி சொன்னதெல்லாம் வேதவாக்கு அல்ல. 2009இல் வந்த தார்ஃபூர் நூலில், மேற்கத்தியப் பிரசாரத்தைச் சாடிய வேகத்தில் சூடான் அரசின் கொடுமையை லேசாகக் கடந்துவிட்டார் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அதில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. ருவாண்டா படுகொலை பற்றிய 2001 நூலில் அந்த அவசரம் இல்லை. ஹூட்டுவையும் டுட்சியையும் பெல்ஜிய ஆட்சி எப்படி ‘சொந்தக்காரன்’, ‘அந்நியன்’ ஆக்கியது என்று பொறுமையாகக் காட்டுகிறார். அதற்காக, கொன்றவர்களுக்கு மன்னிப்பும் கொடுக்கவில்லை.

மறுபடி திருவண்ணாமலைக்கு வருவோம். 2002இல் மத்தியத் தொல்லியல் துறை அங்குள்ள அண்ணாமலையார் கோயிலைத் தன் பொறுப்பில் எடுக்கப் போய், ஊரே எதிர்த்தது; பிறகு அந்த முடிவு கைவிடப்பட்டது. உரிமை யாருடையது என்ற பேச்சு இங்கே ஓய்ந்துவிடவில்லை. திருவண்ணாமலைக் கல்லூரிகளில் வரலாறு படிக்கும் பிள்ளைகள் மம்தானியின் ‘டிஃபைன் அண்ட் ரூல்’ நூலைத் தேடிப் படிக்க வேண்டும். மூன்றே அத்தியாயங்கள்தான். நேரமில்லை என்றால், மேய்னைப் பற்றிய முதல் அத்தியாயத்தையாவது படியுங்கள்.