பிரபஞ்சம் பிறந்ததா, துள்ளி எழுந்ததா?

சிக்னல் கிடைக்காத பழைய தொலைக்காட்சித் திரையில் புள்ளி புள்ளியாகப் பொரிந்துகொண்டிருக்குமே, நினைவிருக்கிறதா? அந்த இரைச்சலில் நூற்றில் ஒரு பங்கு பிரபஞ்சத்தின் குழந்தைப் பருவத்திலிருந்து வந்தது. 1964இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பென்சியாஸ், வில்சன் இருவரும் தங்கள் ஆண்டெனாவில் ஓயாமல் கேட்ட இந்த இரைச்சலுக்குப் புறா எச்சம் காரணமோ என்று சந்தேகப்பட்டுத் துடைத்துப் பார்த்தார்கள். இரைச்சல் போகவில்லை, 1978இல் நோபெல் பரிசு வந்தது. வானொலிக்காரியான எனக்கு இரைச்சல் என்றாலே எரிச்சல். இது ஒன்றுதான் விதிவிலக்கு.

அந்த ஒளி கிளம்பியபோது பிரபஞ்சத்தின் வயது சுமார் 380,000 ஆண்டுகள். இன்று 13.8 பில்லியன். எந்தத் திசையில் பார்த்தாலும் அதன் வெப்பநிலை ஏறக்குறைய மைனஸ் 270 டிகிரி செல்சியஸ். அந்த ‘ஏறக்குறைய’வில்தான் விஷயமே இருக்கிறது. இங்கே ஒரு பொட்டு கூடுதல், அங்கே ஒரு பொட்டு குறைவு, லட்சத்தில் ஒரு பங்கு வித்தியாசம். கோபி துணைக்கோள் 1992இல் இதைக் காட்டியது. பொருள் சற்று அடர்ந்திருந்த இடங்கள் ஈர்ப்பால் மேலும் சேர்த்துக்கொண்டு நட்சத்திரக் கூட்டங்களாயின. அந்த மேடுபள்ளம் இல்லையென்றால் சூரியனும் இல்லை, நாமும் இல்லை.

சரி, மேடுபள்ளம் எங்கிருந்து வந்தது?

பெரும்பாலோர் ஏற்கும் பதில், ஆலன் கூத் 1981இல் முன்வைத்த அண்டவீக்கம். ஆரம்பத்தில், கண்ணிமைக்கும் நேரத்தைவிடப் பல கோடி மடங்கு குறைந்த நேரத்தில், பிரபஞ்சம் வெறித்தனமாக விரிந்தது. ரொட்டி சானாய் மாவை வீசி இழுக்கும்போது, கண்ணுக்குத் தெரியாத சுருக்கம்கூடப் பெரிதாகிவிடும் அல்லவா? அப்படித்தான் நுண்ணிய குவாண்டம் நடுக்கங்கள் வானளவு பெரிதாயின.

இந்தக் கோட்பாட்டை வளர்த்தவர்களில் ஒருவரான பால் ஸ்டைன்ஹார்ட் பிறகு அதற்கே கடும் விமர்சகரானார். 2001இல் அவரும் நீல் டுராக் உள்ளிட்டோரும் வேறு கதை சொன்னார்கள். நம் பிரபஞ்சம் ஒன்றுமில்லாததிலிருந்து தொடங்கவில்லை. முன்பிருந்த ஒன்று மெல்லச் சுருங்கி, பந்துபோல் துள்ளி மறுபடி விரிந்தது. நடுக்கங்கள் அந்தச் சுருங்கும் காலத்திலேயே உருவாகிவிட்டன.

கேட்க அழகு. ஆனால், எளிய வடிவத்தில் கணக்குப் போட்டால், வானத்தில் காணும் மேடுபள்ளம் வரவில்லை. இரண்டாவது ஆற்றல் புலம் ஒன்றைச் சேர்க்க வேண்டியிருந்தது. துள்ளும் அந்தக் கணத்தில் என்ன நடக்கிறது, நடுக்கங்கள் அதைச் சிதையாமல் கடக்குமா என்பது இன்னும் சர்ச்சைதான்.

இரண்டையும் பிரிக்க ஒரு சோதனை உண்டு. வேகமான வீக்கம் நடந்திருந்தால் ஈர்ப்பு அலைகள் எழுந்து, அந்தப் பழைய ஒளியில் சுழல் வடிவத் தடம் பதிந்திருக்கலாம். மெல்லச் சுருங்கியிருந்தால், கண்டுபிடிக்கும் அளவுக்குத் தடம் இருக்காது. 2014 மார்ச்சில் தென் துருவத்தின் பைசெப்2 குழு, தடம் கிடைத்துவிட்டது என்று அறிவித்தது. உலகமே கொண்டாடியது. ஓராண்டுக்குள் பிளாங்க் துணைக்கோளின் தரவுடன் ஒப்பிட்டபோது, அதில் பெரும்பகுதி நம் பால்வீதியின் தூசு என்று தெரிந்தது.

இப்போது சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் சைமன்ஸ் ஆய்வகம் அதே தடத்தைத் தேடுகிறது. கிடைத்தால் துள்ளல் கட்சிக்குப் பலத்த அடி. கிடைக்காவிட்டாலும் அவர்கள் உடனே மாலை மாற்றிக்கொள்ள முடியாது. மிக மெல்லிய அலைகளை மட்டுமே எழுப்பும் வீக்க மாதிரிகளும் இருக்கின்றன.