உங்களுக்குத் தெரியுமா? சிவன் பெயரில் ஒரு வாலில்லாக் குரங்கு!

● கோலார் தங்கவயலின் பாறைகளுக்கு வயது சுமார் 270 கோடி ஆண்டுகள். விலங்குகளே தோன்றாத காலம் அது. எனவே எத்தனை ஆழம் தோண்டினாலும் அந்தப் பாறையில் எலும்புப் புதைபடிவம் அகப்படாது.

● இமயமலை அடிவாரத்துச் சிவாலிக் குன்றுகள் அப்படியல்ல. ஆறுகள் சேர்த்த அந்த வண்டலில் ‘சிவாபிதிகஸ்’ என்ற வாலில்லாக் குரங்கின் பற்களும் தாடைகளும் கிடைத்துள்ளன. சுமார் 1.25 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்த பேரினம் இது.

● 1910-ல் இதற்குப் பெயர் சூட்டியவர், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் கை பில்கிரிம்.

● பாகிஸ்தானின் பொட்வாரில் கிடைத்த சிவாபிதிகஸின் முகப் பகுதியை 1982-ல் டேவிட் பில்பீம் ஆராய்ந்து வெளியிட்டார். குழிந்த முகம், நெருக்கமான கண்குழிகள் என்று அப்படியே ஒராங்குட்டான் சாயல்!

● மனிதனின் மூதாதை என்று ஒருகாலத்தில் கொண்டாடப்பட்ட ‘ராமாபிதிகஸ்’, இன்று சிவாபிதிகஸில் அடக்கம்.