சரியா சொதப்புறது எப்படி?

வென்ட்ரிலோக்விஸ்ட் பாத்திருப்பீங்க. மடியில ஒரு பொம்மைய உக்கார வெச்சுக்கிட்டு, தன் உதடு அசையாம பேசி, பொம்மையே பேசுற மாதிரி காட்டுறவரு. இப்ப ஒரு கேள்வி. இந்த வித்தைய ரேடியோவுல பண்ணா எப்படி இருக்கும்?

யோசிச்சுப் பாருங்க. பொம்மையும் தெரியாது, ஆளும் தெரியாது. உதடு அசைஞ்சா என்ன, அசையாட்டி என்ன? ஆனா பிரிட்டன்ல 1950-ல பிபிசி ரேடியோ இதை நெஜமாவே பண்ணிச்சு. நிகழ்ச்சி பேரு ‘எஜுகேட்டிங் ஆர்ச்சி’. பண்ணவரு பீட்டர் பிரோ. பொம்மை பேரு ஆர்ச்சி ஆண்ட்ரூஸ், கோடு போட்ட பிளேசர் மாட்டுன ஒரு ஸ்கூல் பையன். எட்டு வருஷம் ஓடுச்சு. டோனி ஹான்காக், பெரில் ரீட், சின்னப் பொண்ணா இருந்த ஜூலி ஆண்ட்ரூஸ் எல்லாரும் அந்தப் பொம்மையோட பேசி வளந்தவங்கதான்.

அப்புறம் டிவி வந்துச்சு. கேமரா வந்துச்சு. பீட்டர் பிரோவோட உதடு அசையுறது ஊருக்கே தெரிஞ்சுபோச்சு! ஒரு நாள் அவரு பெரில் ரீட் கிட்ட, “என் உதடு அசையுறது தெரியுதா?”ன்னு கேட்டாராம். அந்தம்மா, “ஆர்ச்சி பேசுறப்ப மட்டும்தான் தெரியுது”ன்னு சொன்னாங்களாம். நெஜமா நடந்துச்சோ இல்லையோ, ஒரு நல்ல கதைக்கு இது போதும்.

பிரோ தெரியாம சொதப்புனவரு. இன்னைக்கு நான் பேசப்போறது தெரிஞ்சே சொதப்புனவங்களப் பத்தி. பழைய பிரிட்டிஷ் காமெடியப் பத்தி யாராவது கேட்டா நான் மொதல்ல சொல்றது இவங்களைத்தான். பாஷை பாதி புரியாட்டியும் சிரிப்பு வரும். ஏன்னா ஒரு வேலை சரியா நடந்தா எப்படி இருக்கும்னு நமக்குத் தெரியும். அது நடக்காமப் போற அழகை ரசிக்க டிக்‌ஷனரி தேவையில்ல. கிளிப் எதையும் போடப்போறதில்ல, போட்டா காப்பிரைட் ஸ்ட்ரைக் வந்துரும். அதனால என் வாயாலயே நடிச்சுக் காட்டுறேன், பொறுத்துக்கோங்க.

மொதல்ல டாமி கூப்பர். வேல்ஸ்ல கேர்ஃபில்லிங்கற ஊர்ல 1921-ல பொறந்தவரு. ஆறடி நாலு அங்குலம். எட்டு வயசுல அத்தை ஒரு மேஜிக் செட் வாங்கிக் குடுத்தாங்க, அதோட ஆரம்பிச்ச பைத்தியம். பதினாறு, பதினேழு வயசுல ஒரு படகு கட்டுற கம்பெனியில அப்ரன்டிஸா இருந்தப்ப, அங்க கேன்டீன்ல கூட வேலை பாக்குறவங்க முன்னாடி மேஜிக் காட்ட ஏறுனாரு. பயத்துல வாய் திறக்குது, பேச்சு வரல. வித்தை ஒவ்வொண்ணா சொதப்புது. கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்குது. வேற யாராவது இருந்தா அன்னைக்கே மேஜிக் செட்டைத் தூக்கிப் பரண்ல போட்டிருப்பாங்க.

அப்புறம் போர், பட்டாளம், எகிப்து. கெய்ரோவுல சிப்பாய்களுக்கு ஒரு நிகழ்ச்சி பண்ணப்ப, தலையில வெச்சுக்க வேண்டிய தொப்பிய மறந்துட்டு வந்துட்டாராம். பக்கத்துல போன வெயிட்டர் தலையில இருந்த செவப்புக் குல்லாவ எடுத்துத் தன் தலையில கவுத்துக்கிட்டாரு. ஒரே சிரிப்பு. அந்தக் குல்லா, ஃபெஸ்னு சொல்லுவாங்க, அவரு சாகுற வரைக்கும் தலையில இருந்துச்சு.

இப்ப அவரோட ஒரு வித்தையக் கிட்டப் போய்ப் பாப்போம். மேசையில ஒரு பாட்டில், ஒரு கிளாஸ். ரெண்டையும் ஒவ்வொரு குழாயால மூடுறாரு. மந்திரம் போட்டா ரெண்டும் இடம் மாறணும். “பாட்டில், கிளாஸ். கிளாஸ், பாட்டில்”னு ரொம்ப சீரியஸா விளக்குறாரு. குழாயத் தூக்குறாரு. பாட்டிலுக்குப் பக்கத்துல இன்னொரு பாட்டில். மறுபடி மூடித் தூக்குறாரு, இன்னொண்ணு. மேசை நிறைய பாட்டில். இவரு என்னமோ கரன்ட் பில்ல பாத்து மொறைக்கிற மாதிரி அந்தப் பாட்டிலுங்கள மொறைக்கிறாரு.

நல்லா கவனிங்க. அந்தப் பாட்டிலெல்லாம் ஒவ்வொண்ணா வந்ததே ஒரு மேஜிக். கை சுத்தமா இல்லாட்டி ஒண்ணுகூட வராது. அதாவது கஷ்டமான ஒரு வித்தைய கச்சிதமா செஞ்சுட்டு, ‘ஐயோ சொதப்பிருச்சே’ன்னு மூஞ்சிய வெச்சுக்கிறாரு. கூப்பர் லண்டன் மேஜிக் சர்க்கிள்ங்கற மேஜிக்காரங்க சங்கத்துல மெம்பரா இருந்தவரு. நாலு சொதப்பலுக்கு நடுவுல ஒரு வித்தைய சத்தமில்லாம சரியா முடிச்சுட்டுப் போயிருவாரு. ‘இவரு நெஜமாவே தெரியாதவரா, நம்மள ஏமாத்துறாரா?’ன்னு சந்தேகத்துலயே ஜனங்க உக்காந்திருப்பாங்க. சில நாள் மேடைக்கே வராம, ரூம்ல மாட்டிக்கிட்ட மாதிரி உள்ளருந்து கதவை உலுக்கிக்கிட்டு இருப்பாராம். ஆளே தெரியல, அதுக்குள்ள அரங்கம் சிரிச்சு முடிச்சிருக்கும்.

கஞ்சத்தனத்துக்கும் பேர் போனவரு. டாக்சியில இறங்குறப்ப டிரைவர் சட்டைப் பையில என்னமோ சொருகி, “என் கணக்குல ஒண்ணு குடிச்சுக்கப்பா”ம்பாராம். டிரைவர் எடுத்துப் பாத்தா டீ பேக்.

அடுத்தது லெஸ் டாசன். மான்செஸ்டர்ல காலிஹர்ஸ்ட்ங்கற ஏழைங்க பகுதியில 1931-ல பொறந்தவரு. வேக்குவம் கிளீனர் வித்திருக்காரு. 1967-ல ‘ஆப்பர்ச்சூனிட்டி நாக்ஸ்’ங்கற டிவி நிகழ்ச்சி மூலமாதான் நாடறிஞ்ச ஆளானாரு. எனக்கு இவரைக் கொஞ்சம் கூடுதலாவே பிடிக்கும், அதை மறைக்கல.

டாசன் பியானோவ தப்பா வாசிப்பாரு. அவ்வளவுதான். ஆனா எப்படி தப்பா வாசிக்கிறாருங்கறதுலதான் விஷயம். தெரியாதவன் பியானோவத் தட்டுனா வெறும் சத்தம்தான் வரும். அதுக்கு யாரும் சிரிக்க மாட்டாங்க, காதைப் பொத்திக்குவாங்க. டாசன் எடுத்துக்கிறது ஊருக்கே தெரிஞ்ச பாட்டு. தாளம் பிசகாது. இடது கை அதுபாட்டுக்கு ஒழுங்கா போகும். வலது கையும் ஒழுங்கா போகும். நம்ம மனசு அடுத்த ஸ்வரத்துல முன்னாடியே போய் உக்காந்திருக்கும் பாருங்க, சரியா அந்த எடத்துல அரை ஸ்வரம் தள்ளி ஒரு கட்டைய அழுத்துவாரு. உடனே அடுத்த ஸ்வரம் சரியா வரும். ‘சரி, கை தவறிருச்சு போல’ன்னு நாம மன்னிக்கிறதுக்குள்ள இன்னொண்ணு. முகத்துல மட்டும் பெரிய கச்சேரி வித்வான் தோரணை. சரியா வாசிக்கத் தெரியாத யாராலயும் இப்படித் தப்பா வாசிக்க முடியாது. வீட்ல கீபோர்டு இருந்தா முயற்சி பண்ணிப் பாருங்க, ரெண்டாவது வரியிலயே உங்க விரல் உங்களை மீறி சரியான கட்டைக்குப் போயிரும்.

இவரு பண்ண இன்னொரு வேலை இதைவிட நுணுக்கம். அவரும் ராய் பாரக்ளஃபும் பொம்பளை வேஷம் கட்டி, சிஸ்ஸி, ஏடான்னு ரெண்டு அம்மாங்களா உக்காந்து ஊர் வம்பு பேசுவாங்க. டாசன்தான் ஏடா. சாதாரணமா பேசிக்கிட்டே வந்து, கர்ப்பப்பை ஆபரேஷன் மாதிரி பேச்சு வந்தா, குரல் சட்டுனு நின்னுரும். வாய் மட்டும் அகலமா, ஒவ்வொரு எழுத்தா அசையும். சத்தமே வராது.

பாக்குறதுக்கு கோமாளித்தனமா தெரியும். ஆனா இது லங்காஷயர் பருத்தி ஆலைகள்ல நெஜமாவே இருந்த பழக்கம். நூத்துக்கணக்குல விசைத்தறி ஓடுற கொட்டகை, பக்கத்துல இருக்கவங்க கத்துனாலும் காதுல விழாது. அங்க வேலை செஞ்ச பொம்பளைங்க வாயசைப்ப வெச்சே பேசவும் படிக்கவும் பழகிட்டாங்க. ‘மீ-மாயிங்’னு அதுக்குப் பேரு. ஆலைய விட்டு வீட்டுக்கு வந்தப்புறமும் பழக்கம் போகல. சத்தமா சொல்லக்கூடாத வார்த்தைக்கு அதுவே வசதியாப் போச்சு. டாசன் சின்ன வயசுல இருந்து பாத்த பொம்பளைங்க இவங்க. தறிச் சத்தம் நின்னுபோச்சு, அந்த வாயசைப்பு மட்டும் டிவி பொட்டிக்குள்ள தங்கிருச்சு. மாமியார் ஜோக்குக்காக டாசன ஞாபகம் வெச்சிருக்கவங்க நிறைய பேரு. எனக்கு அந்த ஜோக்கெல்லாம் அவ்வளவா ஒட்டல, இதுதான் நிக்குது.

சரி, அடுத்தது எரிக் மோர்கம், எர்னி வைஸ்ங்கற காமெடி ஜோடி. இவங்கள விட்டுட்டு இந்த வீடியோவப் போட்டா கமென்ட்ல நாலு பேரு சண்டைக்கு வருவாங்க. 1954-ல இவங்க மொத டிவி தொடர் படு தோல்வி. ஒரு பத்திரிகைல, டிவி பொட்டின்னா மோர்கமையும் வைஸையும் பொதைச்ச பொட்டிங்கற மாதிரி விளக்கம் போட்டிருந்தாங்க. எரிக் அந்தத் துண்டைக் கிழிச்சு வருஷக்கணக்கா பர்ஸ்லயே வெச்சிருந்தாரு.

அவங்க 1971 கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்கு வந்த விருந்தாளி ஆந்த்ரே ப்ரெவின். அப்ப லண்டன் சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ராவோட தலைமை நடத்துனர், ஒலகப் புகழ் பெத்தவரு. அவரை எரிக், “ஆண்ட்ரூ ப்ரிவியூ”ன்னு கூப்பிடுறாரு. க்ரீக்ங்கற இசையமைப்பாளரோட பியானோ கான்செர்ட்டோவ வாசிக்கப்போறது யாருன்னா, எரிக்.

ரிகர்சலுக்கு நாள் பேசி வெச்சிருந்தாங்க. ஆனா ப்ரெவினோட அம்மாவுக்கு ஒடம்பு சரியில்லன்னு அவரு அமெரிக்கா போக வேண்டியதாயிருச்சு. திரும்பி வந்து, ஏர்போர்ட்லருந்து கார்ல வர்றப்ப டார்ச் வெளிச்சத்துல வசனம் படிச்சாரு. எரிக்குக்கு வயித்தக் கலக்குது. இந்த மனுஷன் தாங்குவாரா? மேடையில ப்ரெவின் அவமானப்பட்ட மொகத்தோட, “என் பேட்டன (நடத்துனர் குச்சிய) எடுத்துட்டு வரேன்... அது சிகாகோவுல இருக்கு”ன்னு சொல்ற எடம் வருது. ரெண்டுக்கும் நடுவுல விடுற அந்த இடைவெளி அவ்வளவு கச்சிதம். அந்த நொடியில எரிக் மொகத்தப் பாருங்க, பல்பு எரிஞ்ச மாதிரி இருக்கும்.

அப்புறம் அரங்கேற்றம். ஆர்கெஸ்ட்ரா ஆரம்பிக்குது, எரிக் பியானோகிட்ட போய்ச் சேர்றதுக்குள்ள அவரு எடம் தாண்டிப்போச்சு. ‘முன்னிசை ரொம்பக் குட்டையா இருக்கு, ஒரு கஜம் நீட்டணும்’னு துணிக்கடையில கேக்குற மாதிரி கேக்குறாரு. ஒரு வழியா வாசிக்கிறாரு. க்ரீக்கு ராட்டினத்துல ஏறுன மாதிரி ஒரு டிங்கு டிங்கு. ப்ரெவின் தாங்க முடியாம, “இது எல்லாமே தப்பான ஸ்வரம்”ங்கறாரு. எரிக் எந்திரிச்சு வந்து அவரு கோட்டுக் காலரைப் பிடிச்சு, சட்டத்த விளக்குற வக்கீல் மாதிரி சொல்றாரு: நான் வாசிக்கிற ஸ்வரமெல்லாம் சரியானதுதான், வரிசைதான் முன்னபின்ன.

இதுக்கு ஒரு ரகசியம் உண்டு. நாம பண்றது காமெடின்னு மூணு பேர்ல ஒருத்தர்கூட நெனைக்கக் கூடாதுன்னு ப்ரெவின்கிட்ட சொல்லியிருந்தாங்க. அதனாலதான் எரிக் கடைசி வரைக்கும் தான் வாசிச்சது தப்புன்னு ஒத்துக்கவே இல்ல. பல வருஷம் கழிச்சும் லண்டன் டாக்சி டிரைவருங்க ப்ரெவின “மிஸ்டர் ப்ரிவியூ”ன்னுதான் கூப்பிட்டாங்க.

ஆரம்பத்துல சொன்ன டோனி ஹான்காக்கப் பத்தியும் ஒரே ஒரு விஷயம் சொல்லிட்டுப் போறேன். 1961-ல டிவியில வந்த ‘த பிளட் டோனர்’ங்கற எபிசோட்தான் அவரோட உச்சம்பாங்க. அதுக்குக் கொஞ்சம் முன்னாடி கார் விபத்து, வசனம் மனப்பாடம் பண்ண முடியல, சுத்தி வெச்சிருந்த டெலிப்ராம்ப்டரப் பாத்துத்தான் படிச்சாரு. பேசுற ஆளைப் பாக்காம கண்ணு எங்கயோ போகும். தெரிஞ்சுக்கிட்டு பாத்தா அப்பட்டமா தெரியும். அன்னைக்கு சிரிச்ச ஜனங்க அதை இரத்தம் குடுக்கப் பயப்படுற மனுஷனோட திருட்டு முழின்னு எடுத்துக்கிட்டாங்க.

இப்ப மறுபடி டாமி கூப்பர்கிட்ட வரணும். 1984 ஏப்ரல் 15, ஞாயித்துக்கிழமை ராத்திரி. லண்டன் ஹெர் மெஜஸ்டிஸ் தியேட்டர்ல இருந்து ஐடிவியில நேரடி ஒளிபரப்பு. வித்தை என்னன்னா, கூப்பர் ஒரு பெரிய அங்கிய மாட்டிக்கிட்டு நிப்பாரு, அதுக்குள்ளருந்து சாமான் ஒண்ணொண்ணா வந்துக்கிட்டே இருக்கும். பின்னாடி திரைக்கு அந்தப் பக்கம் நிகழ்ச்சியத் தொகுத்து வழங்குன ஜிம்மி டார்பக் மறைஞ்சு நின்னு ஒவ்வொண்ணா குடுக்கணும். உதவிக்கு வந்த பொண்ணு அங்கிய மாட்டிவிட்டுட்டு நகந்து போறாங்க. கூப்பர் கால் மடங்கி மெல்ல கீழ எறங்குறாரு. திரைமேல சாஞ்சு அப்படியே உக்காந்துட்டாரு.

அரங்கம் சிரிக்குது. நாப்பது வருஷமா இந்த ஆளு விழுந்தா சிரிக்கணும்னு பழகுன ஜனங்க. உதவிப் பொண்ணு மொகத்துலயும் சிரிப்பு. கூப்பருக்கு மாரடைப்பு வந்திருக்குன்னு யாருக்கும் தெரியல. மூச்சு வாங்குற சத்தம் மைக்ல கேக்குது, அதுக்கும் சிரிப்பு. திரைக்குப் பின்னாடி டார்பக்கும் இதை ஏதோ புதுசா சேத்த காமெடின்னு நெனைச்சுக்கிட்டு, அடுத்து நீட்ட வேண்டிய சாமானோட காத்துக்கிட்டிருந்தாரு.